கொழும்புக்கு முன்னே ஓடிய கோச்சி

2022 ஜூலை. பெற்றோல் நிலையங்களுக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து கிடந்த நாட்கள். அப்போதுதான் காங்கேசன்துறைக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ‘யாழ் ராணி’ ரயில் ஓடத் தொடங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் கிடைக்காமல் தவித்த அரச ஊழியர்களுக்கு அது பெரிய ஆறுதல். உள்ளூர்ப் பயணத்துக்கென்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு ரயில் ஓடுவது இதுதான் முதல்தடவை என்று பலரும் பேசிக்கொண்டார்கள். கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

“கோச்சி முதல் ஓடினதே எங்கட ஊருகளுக்குள்ளதான் தம்பி. கொழும்புக்குப் போனதெல்லாம் பிறகு.”

கோச்சி என்று அவர் சொன்னது ரயிலை. அவருடைய அப்பு சொன்ன கதையாம். கொழும்பிலிருந்து நீட்டிக்கொண்டே வந்து கடைசியில் யாழ்ப்பாணத்தைத் தொட்ட பாதை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தேடத் தொடங்கினேன். இப்படியான விடயத்துக்கு முதலில் போகவேண்டிய இடம் யாழ்ப்பாணப் பொது நூலகம். ஆனால் 1981இல் அங்கே எரிந்த சுமார் 97,000 நூல்களோடு எங்கள் ஊர்களின் பழங்கணக்குகள் எத்தனையோ போய்விட்டன. கடைசியில் விடை கிடைத்தது, வடபகுதி ரயில் பாதையின் துண்டுகள் எப்போது எப்போது திறக்கப்பட்டன என்ற சாதாரணத் திகதிப் பட்டியல் ஒன்றில்.

பொல்காவலையிலிருந்து குருநாகல் வரை 1894இல் திறந்துவிட்டார்கள். அடுத்து அநுராதபுரம் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரை, 21 மைல். அதே ஆண்டு செப்டெம்பரில் அது பளை வரை நீண்டது. குருநாகல்–அநுராதபுரம் பகுதி 1904 நவம்பரில்தான் வந்தது. இரண்டு முனைகளும் இணைந்து கொழும்பு ரயில் யாழ்ப்பாணம் வந்தது 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி. ஆக, மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் குடாநாட்டின் ரயில் வேறெந்தப் பாதையோடும் சேராமல் தனியாக ஓடியிருக்கிறது. அப்பு சொன்னது சரி.

ஏன் வடக்கு முனையில் தொடங்கினார்கள்? வன்னிக் காட்டைத் தாண்டித் தண்டவாளம் இல்லாத காலத்தில் என்ஜினும் இரும்பும் கடல்வழியாகத்தான் வந்திருக்க முடியும். காங்கேசன்துறையில் துறைமுகம் இருந்தது. எங்கள் சனம் சந்தைக்குப் போகட்டும் என்று அன்றைய ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வே இரங்கிப் போட்டுத் தந்த சேவையாக எனக்கு இது தெரியவில்லை. கட்டுமான வசதி தந்த உபரிப் பலன். யோசித்துப் பார்த்தால் யாழ் ராணியும் அப்படித்தான், எண்ணெய்த் தட்டுப்பாடு தந்தது. குடாநாட்டுக்காரர் ஊருக்குள் போய்வருவதற்கென்றே ஆற அமரத் திட்டமிட்ட ரயில் எதுவும் என் தேடலில் அகப்படவில்லை.

1905க்குப் பிறகு எல்லாம் கொழும்பு நேரம்தான். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கும் 1956இல் வந்த யாழ்தேவி ரயிலுக்கும் பாதை உழைத்தது. ரயில் எட்டாத வடமராட்சிக்கு அதிகாரிகளைவிடச் சனமே நல்ல வழி கண்டது. கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்குத் தட்டிவான்கள் ஓடின. மரத்தால் கட்டிய உடம்பு. பின்பக்கத் தட்டியைச் சங்கிலியில் இறக்கிவிட்டால் வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும் சைக்கிளும் அதில் ஏறும், மிச்ச இடத்தில் ஆட்களும் ஏறுவார்கள். எந்தச் சந்தைக்கு எப்போது சனம் திரளும் என்பது ஓட்டுநருக்கு மனப்பாடம். தொடர்புப் போக்குவரத்து என்று இன்று அறிக்கைகளில் எழுதுவதை அந்த மனிதர்கள் அறிக்கை இல்லாமலே நடத்தினார்கள்.

1990 ஜூனில் போரால் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் பாதை போட்ட பிறகு, 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி ரயில் யாழ்ப்பாணம் வந்தது; 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறையைத் தொட்டது.

இன்று காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் பஸ்ஸுக்குள் நெரிபட்டுக்கொண்டு வரும்போது அதே ஊர்களின் ரயில் நிலையங்கள் நினைவுக்கு வரும்: மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், இணுவில், கோண்டாவில், கொக்குவில். பள்ளிக்கூட நேரத்துக்கும் கந்தோர் நேரத்துக்கும் அந்தப் பாதையில் ஒரு ரயில் பஸ் போய்வந்தால் வீதியின் பாரம் பாதியாகக் குறையாவிட்டாலும் கொஞ்சமாவது இறங்கும். ஆனால் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒரே நேர அட்டவணைக்குள் வருவதே இங்கே தீராத வழக்கு. இதில் ரயில் நேரத்துக்குப் பஸ்ஸைப் பொருத்துவது யார்?

இன்னொரு சிக்கலும் உண்டு, அதை முதியவரே எடுத்துச் சொன்னார். இருபத்து நான்கு ஆண்டுகள் ரயில் இல்லாத நிலத்தில் வீடுகளும் ஒழுங்கைகளும் பாதையை ஒட்டி வளர்ந்துவிட்டன. காவலில்லாத கடவைகளில் விபத்துகள் நடக்கின்றன. ரயில் கூடினால் கடவைக்குக் கடவை படலையும் ஆளும் வேண்டும்.

“கோச்சி விடுறது சுகம் தம்பி. படலைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?”