அம்மாவின் மலாய்க் கடிதங்கள்

என் தம்பிக்கு அம்மா அனுப்பும் கடிதங்கள் எல்லாம் மலாயில் இருக்கின்றன. அம்மாவுக்கு மலாய் எழுதத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். பாசாரில் மீன் விலை கேட்கவும் கிளினிக்கில் நம்பர் எடுக்கவும் போதுமான மலாய் வாயில் உண்டு, கையில் கிடையாது. அவர் தமிழில் சொல்வார், நான் மலாயில் எழுதுவேன். 2022-இல் தம்பி ரிமாண்ட் கைதியாகச் சிறைக்குள் போனதிலிருந்து மாதம் இரண்டு முறை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இது நடக்கிறது.

சிறைக்குள் போகும் கடிதத்தை ஓர் அதிகாரி படித்த பிறகுதான் கைதியிடம் கொடுப்பார்கள். முதல் மாதம் அம்மா தன் கையாலேயே நான்கு பக்கம் தமிழில் எழுதினார். அது தம்பியிடம் போய்ச் சேர ஏழு வாரம் ஆனது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் கிடைக்கும் வரை ஏதோ ஒரு மேசையில் காத்திருந்திருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் எங்களிடம் கோபமாக எதுவும் பேசவில்லை. மலாயில் எழுதினால் சீக்கிரம் போகும் என்று நல்லவிதமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அம்மா மலாயில் பேசும் தாயாகிவிட்டார்.

ரிமாண்ட் என்றால் தண்டனை பெற்றவன் என்றே நிறையப் பேர் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஒரு சித்தி, "எத்தன வருசம் போட்டாங்க?" என்று கேட்டார். இன்னும் யாரும் எதுவும் போடவில்லை. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு. மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதலில் 7 நாள், தேவைப்பட்டால் மேலும் 7 நாள் லோக்கப்பில் வைத்து விசாரிக்கலாம். அந்த 14 நாள் முடிந்ததும் தம்பி மேல் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவில் குற்றம் சாட்டினார்கள். அதே சட்டத்தின் 41பி பிரிவுப்படி அதற்கு ஜாமீன் கிடையாது. வீட்டை விற்றாலும் கிடையாது. அம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு மூன்று நாள் ஆனது. "பணம் கட்டுனா விடுவாங்கதானே? சினிமாவுல விடுறாங்களே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நண்பனோடு சேர்ந்து ஓட்டிய காரில் பொட்டலம் இருந்தது. எவ்வளவு இருந்தால் கடத்தல் என்று அனுமானிக்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியலே உண்டு. ஹெராயின் 15 கிராம், கஞ்சா 200 கிராம் என்று போகும் அது. அந்த அளவைத் தாண்டிவிட்டால் நான் கடத்தல்காரன் இல்லை என்று காட்டவேண்டியது குற்றம் சாட்டப்பட்டவனின் வேலை. மற்றதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வழக்கைப் பற்றிச் சிறையில் வைத்துப் பேசாதீர்கள், கடிதத்திலும் எழுதாதீர்கள் என்று வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார். மரண தண்டனை வழக்குகளில் வசதி இல்லாதவர்களுக்கு நீதிமன்றமே நியமிக்கும் வக்கீல் அவர். தம்பி அதைச் செய்தானா இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வருடமாக எங்கள் மூன்று பேருக்கு நடுவில் பேசவே கூடாத பேச்சு அதுதான்.

அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பார்க்கப் போகும் நாளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவன். முக்கால் மணி நேரம். எங்கள் பக்கம் ஒரே ஒரு டெலிபோன். அம்மா முதலில் வாங்கிக்கொள்வார். "சாப்டியா?" சாப்பிட்டானாம். "என்னா குடுத்தாங்க?" சோறு, மீனு. "மீனு நல்லா இருந்துச்சா?" இப்படியே பத்து நிமிடம் ஓடிவிடும். ஆரம்பத்தில் எனக்குப் பொறுக்காது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, லீவு போட்டு, நம்பர் வாங்கி, இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வந்தது மீனைப் பற்றிப் பேசவா? பிறகு தம்பியின் முகத்தைக் கவனித்தேன். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உள்ளே அவனை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மீன் நன்றாக இருந்ததா என்று கேட்க உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான்.

கோர்ட்டில் அவனைப் பார்ப்பது இன்னும் குறைவு. 'செபுத்தான்' என்று ஒரு தேதி கொடுப்பார்கள். போனால், இரசாயனத் துறையின் அறிக்கை இன்னும் வரவில்லை என்பார்கள். அடுத்த மாதம் இன்னொரு செபுத்தான். அறிக்கை வந்த பிறகுதான் வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஒவ்வொரு தேதியிலும் விலங்கு போட்ட வரிசையில் அவன் நடந்துபோகும் சில விநாடிகளுக்காக அம்மா வாசலுக்கு நேராக இடம் பிடித்து நிற்பார். எப்போதும் அதே பச்சைப் புடவை. கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்குமாம்.

கடிதம் எழுதும் இரவுகளில்தான் எனக்கு இரண்டு மொழியும் ஒருசேரக் காலை வாரும். "சாப்டியா கண்ணு" என்பதில் 'கண்ணு'வுக்கு என்ன செய்வது? 'சாயாங்' என்று போட்டேன். அது காதலனுக்கும் ஆகும், பூனைக்கும் ஆகும். "ஒடம்ப பாத்துக்க" என்பதற்கு 'ஜாகா டிரி பாயிக்-பாயிக்' சரியாகப் பொருந்தியது. "மனசே சரியில்லடா" என்று சொன்னபோது, 'ஹாத்தி மாக் தாக் செடாப்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனசு ருசியா இல்லன்னா எழுதுற? நான் என்னா குழம்பா?" அன்று இருவரும் நெடுநேரம் சிரித்தோம். போலிஸ் வந்துபோன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. ஆனால் அடுத்த வாக்கியம், "பெத்த வயிறு எரியுதுடா." அதை எந்த மலாயிலும் என்னால் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் படிக்கும் அதிகாரி அம்மாவுக்கு வயிற்று நோய் என்று நினைத்திருப்பார். அந்த வரியை விட்டுவிடச் சொன்னார் அம்மா. "அவனுக்குத் தெரியும்."

எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் கையால் கடிதம் எழுதுவது புதிதில்லை. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளி வாத்தியார்தான் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். பதில் வந்தாலும் அவரே வாசிப்பார். வீட்டு ரகசியம் எல்லாம் வாத்தியாருக்குத் தெரியும் என்று பாட்டி சொல்வதுண்டு. எங்கள் வாத்தியார் சிறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாட்டியின் வாத்தியாராவது தமிழ் வாத்தியார்.

2023 ஜூலை 4-ஆம் தேதி கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் நடப்புக்கு வந்தது. 39பி-க்கு 1983 முதல் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2018-இல் ஒரு திருத்தம் வந்து, நிபந்தனைகளோடு நீதிபதிக்குச் சின்னக் கதவு ஒன்றைத் திறந்துவிட்டது. இப்போது முடிவு முழுக்க நீதிபதி கையில். தூக்கு இல்லையென்றால் ஆயுள் தண்டனை, கூடவே பிரம்படி. மலேசியச் சட்டக் கணக்கில் ஆயுள் என்றால் 30 ஆண்டு. செய்தியை வானொலியில் கேட்ட அம்மா நான் வேலைவிட்டு வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனிமே தூக்கு இல்லையாடி?"

"கட்டாயம் இல்லம்மா. ஜட்ஜு நெனச்சா குடுக்கலாம், குடுக்காமலும் விடலாம்."

"அப்ப இல்லன்னு சொல்லு."

நான் எதுவும் சொல்லவில்லை. அந்த வாரக் கடிதத்தில் இதைச் சேர்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவனுக்கு உள்ளேயே தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி இருக்கட்டும் என்றார். தம்பிக்கு அப்போது 24 வயது. முப்பதைக் கூட்டிப் பார்ப்பதற்கு அம்மாவுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானால், கைதான நாளிலிருந்து தண்டனையைக் கணக்கிட உத்தரவிடலாம். விடுதலையானால் உள்ளே போன நாட்களை எந்தக் கணக்கிலும் யாரும் வரவு வைப்பதில்லை.

கடிதத்தின் அடியில் மட்டும் அம்மா தன் கையால் தமிழில் 'அம்மா' என்று எழுதுவார். அந்த மூன்று எழுத்தை யாரும் தடுத்ததில்லை. போன ஆண்டு தம்பியிடமிருந்து ஒரு பதில் வந்தது. வழக்கம்போல மலாயில், கோடு போட்ட தாளின் இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தான். கடைசியில் ஒரு வரி: அம்மாவின் எழுத்து மூன்று கடிதமாக நடுங்குகிறது, ஏதாவது இருக்கிறதா, கிளினிக்கில் காட்டினீர்களா? தினமும் பக்கத்தில் இருக்கும் என்னிடம் அம்மா ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அழைத்துப் போனோம். இனிப்பு நீர் ஏறி, கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். நான் எழுதிய பக்கங்களை அவன் எத்தனை முறை படித்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று எழுத்தைத்தான் ஒவ்வொரு முறையும் உற்றுப் பார்த்திருக்கிறான்.

உள்ளே இருப்பவனுக்கு வெளியில் இருப்பவர்கள் ஆதரவு என்று பொதுவாகச் சொல்வோம். கணக்கில் மாதம் நூறு ரிங்கிட் போடுகிறோம், சோப்பும் பிஸ்கட்டும் கெண்டினில் வாங்கிக்கொள்ள. வக்கீலுக்கு போன் போடுகிறோம். தேதிகளை நாட்காட்டியில் வட்டமிடுகிறோம். அம்மாவின் கையைக் கவனித்தது ஆனால் அவன்தான். அதற்குப் பிறகு நான் அவனை நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஆளாக நினைப்பதில்லை. எங்கோ தூரத்தில் வேலையில் இருக்கும், வீட்டு நினைப்போடு இருக்கும் ஒரு பிள்ளையாகத்தான் நினைக்கிறேன். கடிதத்திலும் அப்படியே கேட்கிறேன்: தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது, நீ போன முறை எந்த வாஷர் வாங்கிப் போட்டாய்? படம் வரைந்து அனுப்பினான். படத்துக்கும் அதிகாரியின் முத்திரை இருந்தது.

விசாரணை அடுத்த மாதம் தொடங்குகிறது. ஐந்து நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். நேற்று இரவு எழுதிய கடிதத்தில் மருந்து பற்றி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது பற்றி, பச்சைப் புடவை பற்றி எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "மற்றவை நேரில்னு போடு" என்றார் அம்மா. பாட்டிக்கு வாத்தியார் அப்படித்தான் முடிப்பாராம். மலாயில் அதற்கு இணையாக ஒரு வழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. 'லாயின்-லாயின் கித்தா சாக்காப் பிலா ஜும்பா' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். இந்த முறை அம்மா சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மெதுவாகக் கையெழுத்தைப் போட்டார்.