சனிக்கிழமை பதுளை பஸ்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில் சனிக்கிழமை என்றால் உட்கார இடம் கிடைக்காது. சம்பளம் போட்ட கிழமையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், சாமான் வாங்கப் போகும் தோட்டத்து ஆட்கள் மூட்டை சாக்குகளோடு ஏறிவிடுவார்கள். அந்த நெரிசலில் பழுப்பு உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவர் எவரோ அவர்தான் ஆசிரியர். பசறையில் நமுனுகுலைப் பக்கத்தவர்கள் ஏறுவார்கள். அவர்கள் கையிலும் அதே உறை. "மாஸ்டர், மூணாவது கேள்விக்கு என்ன எழுதினீங்க?" என்று அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

1980களின் பிற்பகுதி அது. சாதாரண தரமோ உயர்தரமோ முடித்த கையோடு தோட்டப் பாடசாலைகளில் நியமனம் பெற்றவர்கள் நாங்கள். கம்பனிக்காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியிருந்தாலும், பல இடங்களில் கட்டடம் பழையதுதான். ஒரே மண்டபம், தடுப்பு இல்லாமல் ஐந்து வகுப்பு, ஒருவர் அல்லது இருவர் படிப்பிப்பது. எங்களை இரண்டு வருஷம் பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பினால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் பயிற்சி எங்களைத் தேடி வந்தது. சுவீடனின் சீடா நிறுவனத்து உதவியோடு மகரகம தேசிய கல்வி நிறுவகம் நடத்திய தொலைக்கல்விப் பயிற்சி. அச்சடித்த மொடியூல், தபால், மாதத்தில் சில சனிக்கிழமைகள் பதுளையில் வகுப்பு. அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

தபாலும் லேசுப்பட்டதல்ல. லயத்துக் காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதங்களை ஒபிசில் பிரித்து, யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். ஒரு நண்பரின் மொடியூல் ஒபிஸ் அலுமாரிக்குள் கிடந்துவிட்டு, ஒப்படை கொடுக்கும் திகதி போன பிறகு அவர் கைக்கு வந்தது. குப்பி லாம்பு வெளிச்சத்தில் எழுதி அந்தப் பழுப்பு உறையில் போட்ட ஒப்படைகளில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். ஆனால் அவை திரும்பி வரும்போது ஓரங்களில் சிவப்பு மையில் ஏதாவது எழுதியிருக்கும். "இதை உங்கள் வகுப்பில் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டிருப்பார்கள். தோட்டத்து வாத்தியாரிடம் அப்படிக் கேட்க அதுவரை ஒருவரும் இருந்ததில்லை.

சனிக்கிழமை வகுப்புக்கு வந்த போதனாசிரியர்களில் ஒருவர் ஒருநாள் கசெட் ரெக்கோடர் ஒன்றைக் கொண்டுவந்தார். பாடம் நடக்கும்போது அதை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொண்டு வாருங்கள் என்று லுணுகலை ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த வகுப்பில் எல்லோரும் கேட்டோம். பின்னால் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும் சத்தம், தகரத்தில் மழை, அதற்கு மேலே அவருடைய குரல். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு "விளங்குதா?" வந்தது. பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். முதலில் சிரித்தது அவரேதான். போதனாசிரியர் எதுவும் சொல்லாமல் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டார். கேட்டுவிட்டுக் காத்திருப்பது என்ற கலையை நாங்கள் படித்தது அந்தப் பெட்டியிடம்தான்.

பிறகு ஜெர்மன் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. முறையாகப் பயின்ற பிள்ளைகள் மலையகப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். 2000க்குப் பிறகு கணினி. அந்தக் கணினிப் பயிற்சிக் காலத்தை இவ்வளவு ஆசையோடு என்னால் நினைக்க முடியவில்லை. குளிரூட்டிய அறையில் பவர் பொயின்ட் பழகிவிட்டு, கரண்ட் இல்லாத பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. சான்றிதழை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். எந்த வகுப்பறைக்கு என்று கேட்காமல் கொடுக்கும் பயிற்சி அப்படித்தான் போகும்.

கொரோனாவில் பாடசாலைகள் மூடியபோது நிலைமை புரண்டது. 2021இல் லுணுகலையில் சிக்னலுக்காக மலை உச்சியில் முப்பது அடி உயரத்துக்கு மரவீடு கட்டி, பிள்ளைகள் முறைவைத்து ஏறிப் பாடங்களை இறக்கியது உலகச் செய்தியானது. செய்தியில் அதிகம் வராத விஷயம், அந்தப் பாடங்களை அனுப்ப ஆசிரியர்களும் சிக்னல் தேடி அலைந்தார்கள் என்பது. போனில் வீடியோ எடுக்கவும் அதை டேட்டா குறைவாகத் தின்னும்படி சுருக்கவும் அவர்களுக்கு எந்தச் செயலமர்வும் சொல்லித் தரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கொருவர் கேட்டுத்தான் பழகிக்கொண்டார்கள். மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதினீங்க என்ற அதே பேச்சு, பஸ் மட்டும் இல்லை.

இதை மருமகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவளும் பசறைப் பக்கத்தில் டீச்சர்.

"மாமா, ஒங்களுக்கு அந்த பஸ்ஸப் பத்திப் பேசினா போதும். அதுல எத்தன பொம்பள டீச்சருங்க வந்தாங்க?"

கொஞ்சப் பேர்தான் வந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் ஒப்படையை எங்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வகுப்பில் என்ன நடந்தது என்று திங்கட்கிழமை ஆளனுப்பிக் கேட்பார்கள். வரவுப் பதிவில் அதெல்லாம் சேராது. சிலர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். மருமகளுக்கு இந்தச் சனிக்கிழமையும் ஸூமில் செயலமர்வு இருக்கிறதாம். பல்தர வகுப்பு, அதாவது ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துப் படிப்பிப்பது பற்றியது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள்.