வாசலுக்கு வரும் துண்டு

உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் பற்றிப் படிக்கும்போது “போர்வீரர்கள்” என்ற சொல் எப்படியும் வந்துவிடும். உடல் ஒரு கோட்டை, வைரசு பகைவன், வெண்குருதிக் கலங்கள் காவல் படை. நினைவில் வைக்க இலகுவான உவமைதான். ஆனால் ரி கலங்களைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு அது பிடிக்காமல் போய்விட்டது. பகைவனை நேருக்கு நேர் பார்க்கவே முடியாத போர்வீரன் எங்கேயாவது உண்டா?

கொல்லும் ரி கலத்தின் நிலை அதுதான். ஒரு வைரசு பக்கத்தால் மிதந்து போனாலும் அதற்குத் தெரியாது. அது பார்ப்பதெல்லாம் நமது சொந்தக் கலங்களின் வாசலை மட்டுமே.

ஒவ்வொரு கலமும் தான் தயாரிக்கும் புரதங்களில் சிலவற்றை உள்ளேயே வெட்டித் துண்டாக்குகிறது. பெரும்பாலும் எட்டு முதல் பத்து அமினோ அமிலங்கள் நீளமான அந்தத் துண்டுகளை இன்னொரு புரதம் தாங்கிக்கொண்டு வந்து கலத்தின் மேற்பரப்பில் காட்டி நிற்கும். நோயில்லாத நாளிலும் இது ஓயாமல் நடக்கிறது. குப்பை வண்டி வரும் காலையில் வாசலில் வைத்த கூடையைப் பார்த்தால் அந்த வீட்டில் நேற்று என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம் அல்லவா? மீன் செதில் கிடந்தால் மீன். வைரசு ஒரு கலத்துக்குள் புகுந்து, அதன் அடுப்பிலேயே தன் புரதத்தைச் சமைக்கத் தொடங்கினால், அந்தச் செதிலும் வாசலுக்கு வரத்தான் செய்யும். அதை இனங்காணும் ரி கலம் அந்தக் கலத்தையே அழித்துவிடுகிறது.

துண்டைத் தாங்கும் அந்தப் புரதத்துக்கு மனிதரில் எச்.எல்.ஏ. என்று பெயர். ரி கலம் துண்டை மட்டும் பார்ப்பதில்லை, தாங்கியிருக்கும் கையையும் சேர்த்தே பார்க்கிறது. இதைக் கண்டறிந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பணியாற்றிய பீற்றர் டொகேர்ற்றி, ரோல்ஃப் சிங்கர்நாகல் என்ற இருவர். முதலாமவர் ஒரு மிருக வைத்தியர். ஓர் எலி இனத்தில் வைரசு தொற்றியபின் உருவான ரி கலங்கள், அதே இன எலியின் தொற்றுள்ள கலங்களைக் கொன்றன. வேறு இன எலியின் கலங்களில் அதே வைரசு இருந்தும் தொடவில்லை. வைரசு ஒன்றுதான், கைதான் வேறு. 1974இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்கு 1996இல் நோபல் பரிசு கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது பமெலா பியோர்க்மன் செய்த வேலை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவியாகத் தொடங்கி, எச்.எல்.ஏ. புரதம் ஒன்றைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் மூலம் அதன் வடிவத்தைக் காணப் பல வருடங்கள் உழைத்தார். 1987இல் படம் வெளிவந்தபோது புரதத்தின் உச்சியில் ஒரு நீண்ட பள்ளம் தெரிந்தது. அது வெறுமையாக இருக்கவில்லை. அந்தப் புரதத்துக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று அதற்குள் கிடந்தது. துண்டுகள் இருக்கும் இடத்தை உலகம் அன்றுதான் கண்ணால் கண்டது. அந்தப் படத்தை நான் என் கொப்பியின் முதல் பக்கத்தில் வரைந்து வைத்திருக்கிறேன்.

எச்.எல்.ஏ. என்ற மூன்று எழுத்துகள் எங்கள் வீட்டுக்குள் வந்தது பெரிய மாமாவின் சிறுநீரகங்கள் பழுதானபோது. உம்மா, சாச்சி, சின்ன மாமா மூவரும் பரிசோதனைக்குப் போனார்கள். சிறு வயதிலிருந்தே பெரிய மாமாவோடு ஒட்டி வளர்ந்தது உம்மாதான். சாச்சிக்குப் பாதி பொருந்தியது, சின்ன மாமாவுக்கு முழுவதும் பொருந்தியது, உம்மாவுக்கு ஒன்றுமே பொருந்தவில்லை.

“ஒரே வயித்துல பொறந்தும் பொருந்தல்லியே மகள்” என்று உம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். நான் கொப்பியின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். உம்மாவின் உம்மாவிடம் இரண்டு தொகுதி, வாப்பாவிடம் இரண்டு தொகுதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. சகோதரர் இருவர் முழுவதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு, ஒன்றுமே பொருந்தாமல் போவதற்கும் அதே நான்கில் ஒன்று. பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். உம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மனிதருக்குள் இந்தக் கைகள் ஆயிரக்கணக்கான வகை. ஒவ்வொரு வகையும் வெவ்வேறு துண்டுகளைத் தாங்குவதால், ஒரு வைரசு எல்லோரையும் ஒரேயடியாக ஏமாற்றுவது கடினம். ஊரைக் காப்பாற்றும் அந்த வேறுபாடுதான் உம்மாவின் சிறுநீரகத்தைப் பொருந்தாததாக்கியது. மருந்துகளின் உதவியால் இன்று பொருந்தாத சிறுநீரகத்தையும் வைக்கிறார்கள் என்பதை நான் பிறகுதான் வாசித்தேன். நல்ல பொருத்தம் கிடைத்ததால் எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை.

சின்ன மாமாவின் சிறுநீரகம் இப்போது பெரிய மாமாவுக்குள் வேலை செய்கிறது. முழுப் பொருத்தம் என்றாலும் உடலின் மற்றப் புரதங்களில் சிறு வித்தியாசங்கள் இருக்கும், அவற்றின் துண்டுகளும் வாசலுக்கு வரும். அதனால் ரி கலங்களை அடக்கி வைக்கக் காலையும் இரவும் குறித்த நேரத்தில் குளிசை. அவை அடங்கியிருந்தால் சாதாரண கிருமியும் ஆபத்து. சென்ற மாதம் சாச்சியின் மகளின் கல்யாணத்தில் எல்லோரும் சஹனைச் சுற்றி உட்கார்ந்தபோது, மாமா முகக்கவசத்தோடு விறாந்தையில் தனியே இருந்தார். வைத்தியர் இன்னும் ஒரே தட்டில் கூடி உண்ண விடவில்லை. உம்மா சஹனிலிருந்து எழுந்தார். கையைக் கழுவிவிட்டு இரண்டு பீங்கானில் சோறு போட்டுக்கொண்டு மாமாவிடம் போனார்.