தாத்தாவின் அம்பாசடர்

சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள். போன மாதம் வரை நானும் உங்கள் கட்சிதான் :-)

அறந்தாங்கி பக்கம் எங்கள் ஊரில், தாத்தாவின் 1984 மாடல் மார்க் 4 அம்பாசடர் ஒன்பது வருடமாக மாட்டுக்கொட்டகையில் நின்றது. தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் வரப்போகிறார் என்று அப்பா சொன்னதும் அப்பத்தா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடுனா விக்கல" என்றார் அப்பா.

செமஸ்டர் லீவில் இருந்த நான் (மெக்கானிக்கல் இரண்டாம் வருடம், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை) புது பேட்டரியோடு போய் நின்றேன். நல்லவேளை, தாத்தா காலத்து மெக்கானிக் பாய் வந்து தடுத்தார்.

"தம்பி, பேட்டரிய ஓரமா வைங்க. இப்ப செல்ஃப் அடிச்சா ரிங் உடைஞ்சிரும்."

விஷயம் இதுதான். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினில் ஆயில் எல்லாம் கீழே சம்ப்புக்கு இறங்கிவிடும். சிலிண்டர் சுவர் காய்ந்து, பிஸ்டன் ரிங் துருவோடு ஒட்டிக்கொள்ளும். பாய் நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்! மறுநாள் நியூட்ரலில் போட்டு, முன்னால் ஹேண்டிலைச் செருகி மெல்ல அழுத்தினோம். அசையவில்லை. மறுபடி ஆயில், மறுபடி ஒரு நாள். சனிக்கிழமை சாயங்காலம் அரை அங்குலம் நகர்ந்தது பாருங்கள், அப்பத்தா திண்ணையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

இதற்கிடையில் மற்ற வேலைகள். டேங்க்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது, இறக்கிக் கொட்டினோம். ஏர் ஃபில்டருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. ரப்பர் ஹோஸ் தொட்டாலே உதிர்ந்தது. இப்போது பங்கில் ஊற்றும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் கால ரப்பரைக் கெடுத்துவிடும் என்பதால், அதைத் தாங்கும் ஹோஸாகத் தேடி வாங்கினேன். எஞ்சின் ஆயிலும் புதிது.

ஞாயிறு காலை. காயில் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக் மாட்டாமலே விட்டு விட்டு செல்ஃப் அடித்தார் பாய். ஆயில் பிரஷர் ஏறிய பிறகுதான் பிளக்கை மாட்டினார். புகை உள்ளே தங்கினால் ஆளையே கொல்லும் என்று கொட்டகைக் கதவை முழுக்கத் திறக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு வாளி மணல். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஆகாதாம்.

மூன்றாவது தடவை இருமியது. ஐந்தாவது தடவை ஒரே வெள்ளைப் புகை, அப்புறம் அந்தச் சத்தம்!

"அவுக வந்துட்டாக மாதிரி இருக்கு" என்றார் அப்பத்தா.

நான் கியர் போடப் போனேன். பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பிரேக் பிடிக்கவே இல்லையாம். "நிக்காத வண்டிய ஓட்டக்கூடாது தம்பி."

பந்தயப்படி வண்டி நகரவில்லைதான். அப்பா கொஞ்ச நேரம் பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்போனை எடுத்து, இரும்புக்காரரிடம் வரவேண்டாம் என்றார்.