காது மட்டும் உள்ள பெட்டி

மஸ்கெலியாப் பக்கத்து எங்கள் லயத்தில் பத்துக் காம்பராவுக்கு எட்டு டிஷ். நாலு பக்கமும் மலை. ரூபவாஹினியின் பெரிய கோபுரம் நிற்பதே நம்ம மலைநாட்டில், பீதுருதலாகலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில். என்ன பயன்? இடையில் ஒரு மலைத்தோள் மறித்தால் பள்ளத்து லயத்தில் வெறும் புள்ளிதான். டிஷ் வந்த பிறகே எங்களுக்கு முகங்கள் தெளிந்தன. இந்திய அலைவரிசைகளைத் தரும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீற்றரில் நிற்கின்றன. நாம் அந்த ரேகைக்கு ஏழு பாகைதான் வடக்கே. ஆகவே அவை கிட்டத்தட்ட நம் தலைக்கு மேல். தட்டு அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தோன்றாது. அது சாய்த்துச் செய்த தட்டு. பார்வை மலைக்கு வெகு மேலே.

போன தீபாவளிக்கு, கொழும்பில் கடையில் நிற்கும் அக்கா மகன் புது ரிசீவரோடு வந்தான். "மாமா, இதுல இன்டர்நெட்டும் வரும்." சிம் போட்ட ரவுட்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். டிவிக்கு மேல் வைத்தான், சிக்னல் இல்லை. அலையைத் தகரக் கூரை திருப்பி அடிக்கிறது, டவரோ அடுத்த மலைக்கு அந்தப்பக்கம். 36,000 கிலோமீற்றரில் இருந்து வருவது வாசல் தேடி வருகிறது, கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் வந்து சேரவில்லை! கடைசியில் இரண்டு மலைக்கு நடுவில் ஒரு இடுக்கு தெரியும் ஜன்னலில் ரவுட்டர் உட்கார்ந்தது. அங்கிருந்து ரிசீவருக்கு நீளமாய் ஒரு வயர்.

இணைந்துவிட்டது என்று திரை சொன்னது. யூடியூப் மட்டும் திறக்கவில்லை. வயரை மாற்றினான், பெட்டியை நிறுத்திப் போட்டான், இரண்டு பிளேன்டீ குடித்தான். பிறகுதான் மூலையில் இருந்த திகதியைக் கவனித்தோம்: 1970 ஜனவரி 1. இந்தப் பெட்டிக்குச் சொந்த மணிக்கூடு இல்லை. நேரத்தையும் டிஷ் வழியேதான் கேட்டுக்கொள்ளும். வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று டிஷ் வயரை அவன் முதலிலேயே கழற்றி வைத்திருந்தான். திகதி தப்பென்றால் இணையத்தில் மறுமுனை காட்டும் சான்றிதழைப் பெட்டி நம்பாது, கதவு திறக்காது. பழைய வயரைச் சொருகியதும் புதிய வழி திறந்தது.

அன்று மாலையே பாஸ்வேர்ட் சீனி மாதிரிப் பக்கத்துக் காம்பராக்களுக்குக் கைமாறியது. டிஷ்ஷை எத்தனை பேர் பார்த்தாலும் வானத்துக்குச் செலவில்லை. இதுவோ தெளிவான படம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஜீபிக்கு மேல் தின்கிறது. ரீலோட் யார் போடுவது என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் இலங்கைக்கு வந்தது. வானத்தோடு பேசவும் செய்கிற டிஷ். அதன் விலை லயத்துக்கு எட்டாது.

ஆனாலும் மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது எங்கள் ரவுட்டரின் அருமை தெரிகிறது. கன மழை செயற்கைக்கோள் அலையை உறிஞ்சிவிடும். வெளியே போக முடியாத நேரமாகப் பார்த்துப் படம் கட்டம் கட்டமாக உடையும். அப்போது ஜன்னல் ரவுட்டர் கைகொடுக்கிறது, கரண்ட் போகும்வரை.

அப்பாயிக்குத்தான் சந்தேகம். இரண்டு முருகன் பாட்டுக் கேட்டார். மறுநாள் பெட்டி தானாகவே பத்துப் பாட்டை வரிசை வைத்தது.

"நான் கேட்டது இதுக்கு எப்புடித் தெரியும்?"

இதுவரை இதற்குக் காது மட்டும்தான் இருந்தது, இப்போது வாயும் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் அந்த நீள வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிடுகிறார். காலையில் பெரட்டுச் சத்தத்துக்கு எழும்பி, அதைத் திரும்பச் சொருகுவது என் வேலை.