எப்போது கசிகிறது?

அரிசோனாவின் மேற்கு ஓரத்தில், இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலை கொலராடோ ஆற்றைத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது குவார்ட்சைட் என்ற பாலைவனச் சிற்றூர். கோடையில் அங்கே வெயில் ஆளை நிற்க விடாது. குளிர்காலம் வந்துவிட்டால் மினசோட்டா, மொன்டானா, கனடா என்று பனி கொட்டும் ஊர்களிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற பெரிய வெட்டவெளி, அமெரிக்க அரசின் நில நிர்வாகத் துறையுடையது. பருவச் சீட்டு வாங்கினால் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். வண்டி நிற்கும் இடத்தில் மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, சாக்கடை கிடையாது. தெற்குப் பகுதியில் குடிநீர் பிடிக்க ஓரிடமும் கழிவைக் கொட்ட ஓரிடமும் உண்டு. மற்றபடி குடிக்கிற நீரும் வெளியேற்றுகிற கழிவும் அவரவர் வண்டித் தொட்டிகளில்தான் இருந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் கழிப்பறை கசிந்தால் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டுவது எளிதல்ல. வீட்டுச் சாமான் முழுவதும் உள்ளே இருக்கிறது, வெளியே பந்தல் போட்டு நாற்காலி விரித்தாகிவிட்டது. அதனால் பழுது பார்ப்பவர்களே பிக்கப் வண்டியில் கருவிப் பெட்டிகளோடு முகாம் முகாமாகப் போகிறார்கள். அவர்களில் ஒருவரோடு ஜனவரி மாதக் காலையில் நானும் ஏறிக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. கேட்ட கேள்விக்கு நின்று பதில் சொல்பவர். கை மட்டும் நிற்காது.

போய்ச் சேர்ந்த வண்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நடுத்தர மோட்டார்ஹோம். மினசோட்டாவிலிருந்து வந்த தம்பதி. கழிப்பறையின் அடிப்பாகத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்குகிறது என்பது அவர்கள் சொன்ன குறை. கணவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கழிப்பறைக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் போய்விட்டது. புது வளையமும் வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார்.

பழுது பார்ப்பவர் வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

“எப்போது கசிகிறது?”

“எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது.”

“மிதியை அழுத்தும்போதா? கோப்பை காலியாகும்போதா? யாருமே தொடாதபோதா?”

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மனைவி சொன்னார்: “ராத்திரியில் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. எல்லாக் குழாயும் மூடியிருந்தாலும்.”

பாதி நோய் அந்த ஒரு பதிலில் பிடிபட்டுவிட்டது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கழிப்பறையின் அமைப்பைப் பார்த்துவிட வேண்டும். வீட்டுக் கழிப்பறையில் பின்னால் ஒரு தொட்டி இருக்கும், அடியில் வளைந்த குழாயில் நீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும். இங்கே இரண்டும் இல்லை. கோப்பைக்கு நேர் கீழே கழிவுத் தொட்டி. அமெரிக்காவில் அதைக் கறுப்புத் தொட்டி என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு தகடோ அரைக்கோள மூடியோ இருக்கிறது. கால்மிதியை லேசாக அழுத்தினால் கோப்பைக்குள் தண்ணீர் வரும். முழுக்க அழுத்தினால் தகடு விலகி எல்லாம் கீழே விழும். காலை எடுத்ததும் தகடு மூடிக்கொள்ள, அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கீழேயிருக்கும் வாயுவுக்கும் நம் மூக்குக்கும் நடுவே உள்ள ஒரே தடுப்பு.

இப்படிப்பட்ட அமைப்பில் தண்ணீர் வெளியேற நான்கு வழிகள் உண்டு. தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்தால் கோப்பையில் நீர் நிற்காமல் தொட்டிக்குள் வடிந்துவிடும். தரை நனையாது, நாற்றம்தான் வரும். பின்பக்கம் மேலே, கோப்பையின் விளிம்பை ஒட்டி, சின்னக் குமிழ் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. கழிப்பறை நீர் குடிநீர்க் குழாய்க்குள் திரும்பி உறிஞ்சப்படாமல் காப்பது அதன் வேலை. காற்று போக அதில் துளைகள் உண்டு. நீர் பாயும்போது உள்ளிருக்கும் மிதவை எழும்பி அவற்றை அடைத்துக்கொள்ளும். அதில் சுண்ணாம்பு படிந்தாலோ விரிசல் விட்டாலோ மிதியை அழுத்துகிற நேரத்தில் மட்டும் சொட்டும். தரை வளையம் கெட்டால் கோப்பை காலியாகும்போது கசியும். தொட்டி நிரம்பி வழிகிற நிலையில் வண்டி குலுங்கினாலும் கசியும். நான்காவது, பின்பக்கம் கீழேயுள்ள நீர்வால்வு. அதற்குள் பம்பின் அழுத்தம் இரவும் பகலும் நிற்கிறது. அது கசிந்தால் நேரம் காலம் பார்க்காது. குழாய்க்குள் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், 12 வோல்ட் பம்ப் விழித்துக்கொண்டு சில நொடி ஓடி மறுபடி நிற்கும். அந்த அம்மாள் ராத்திரியில் கேட்டது இதைத்தான்.

ஆனால் தகட்டு ரப்பரைத் தவிர மற்ற மூன்றிலிருந்தும் வருகிற நீர் கடைசியில் போய்த் தேங்குவது ஒரே இடத்தில்: அடிப்பாகத்தைச் சுற்றி. மாடி வீட்டுக் குளியலறையில் உடைந்த குழாய் கீழ்வீட்டுக் கூடத்துச் சுவரில் ஈரமாகத் தெரிவதுபோல, ஈரம் தெரிகிற இடம் ஓட்டையைக் காட்டுவதில்லை. ‘எங்கே’ என்று பார்த்தவர் தரை வளையம் வாங்கினார். ‘எப்போது’ என்று கேட்டவருக்குப் பம்ப் பதில் சொன்னது. புது வளையத்தை மட்டும் அன்றைக்கே மாட்டியிருந்தால் மறுநாள் காலையில் அதே ஈரம் இருந்திருக்கும்.

ஊகத்தோடு நிற்கவில்லை அவர். கழிப்பறையை மேலிருந்து கீழ்வரை துணியால் ஒற்றி உலர்த்தினார். கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தில் சில துளிகளைக் கோப்பையில் விட்டார். குமிழின் கீழே, குழாய் வந்து சேரும் நட்டின் கீழே, வால்வின் கீழே, அடிப்பாகத்தைச் சுற்றி என்று காகிதக் கைக்குட்டையைத் துண்டு துண்டாக வைத்தார். பிறகு பம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்து காபி குடித்தோம். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் வால்வுக்குக் கீழிருந்த காகிதம் ஊறிப்போயிருந்தது, அடிப்பாகத்தில் பின்பக்கக் காகிதமும் நனைந்திருந்தது. இரண்டிலும் நீலம் இல்லை. கோப்பைக்குள் இருந்த நீர் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தது குடிநீர்க் குழாயின் நீர். மிதியை முழுக்க அழுத்திக் கோப்பையைக் காலி செய்தும் பார்த்தார். குமிழின் கீழே காகிதம் உலர்ந்தே இருந்தது, எங்கும் நீலம் எட்டிப்பார்க்கவில்லை. செலவு சில துளிச் சாயமும் கொஞ்சம் பொறுமையும்தான். சொந்த வண்டி வைத்திருக்கும் யாரும் இதைச் செய்யலாம், செய்யவேண்டும் என்றே சொல்வேன்.

அந்தக் குளியலறையில் வால்வுக்குப் பின்னால் கை நுழைய இடமில்லை. கழிப்பறையைக் கழற்றினால்தான் வேலை நடக்கும். கழிவுத் தொட்டியை முந்தின நாளே காலி செய்து வைக்கச் சொல்லியிருந்தார். பம்பை நிறுத்தி, சமையலறைக் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கினார். குழாய் நட்டைக் கையாலேயே திருகி எடுத்தார். கழிப்பறையைத் தரையோடு பிடித்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். நட்டைக் கழற்றியதும் நேராக மேலே தூக்கி, பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி வாசலில் வைத்துவிட்டார். பிளாஸ்டிக் கழிப்பறை, கனமே இல்லை. தரையில் தெரிந்த துளையைப் பையில் சுற்றிய பழந்துணியால் உடனே அடைத்தார். தொட்டியில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். அந்தச் சின்ன அறையில் குனிந்து வேலை செய்கிறவருக்கு நல்லதல்ல. கூரை மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

வால்வின் பிளாஸ்டிக் உடம்பில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

“கிளம்பும்போது ஊரில் எவ்வளவு குளிர்?” என்று கேட்டார்.

உறைநிலைக்கும் கீழே என்றார் கணவர். குளிர்காலத்துக்காக வண்டியை மூடி வைப்பவர்கள் குழாய்களிலிருந்து நீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை உள்ளே செலுத்துவார்கள். இவர்களோ பயணம் கிளம்பத் தயாராக நீரை நிரப்பி வைத்துவிட்டு ஓர் இரவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். உறையும் நீர் பருமனில் கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். வண்டிக்குள் ஓடும் நெகிழ்வான பெக்ஸ் குழாய் அந்த விரிவைத் தாங்கிக்கொள்ளும். வால்வின் கெட்டிப் பிளாஸ்டிக் தாங்காது. சூடான ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த விரிசல் பேச ஆரம்பித்திருக்கிறது.

அதற்குப் பிறகு பழுது பார்ப்பவர் செய்ததுதான் அன்றைய முக்கியமான வேலை என்பது என் எண்ணம். ஒரு திருப்புளியை எடுத்து, தரை விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு விரல் இடைவெளிக்கும் மெல்லக் குத்திக்கொண்டே போனார். இந்த வண்டிகளின் தரை மெல்லிய ஒட்டுப்பலகை. மேலே வினைல் விரிப்பு, கீழே குளிர் தாங்க நுரைப்பலகை. ஒட்டுப்பலகைக்குள் இறங்கிய ஈரத்துக்குக் காய வழியில்லை. மேலே வினைல் பளபளவென்று இருக்கும், அடியில் மரம் மாவாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் கழிப்பறை ஆட ஆரம்பிக்கும். அப்போது வால்வு மாற்றுகிற சின்ன வேலை, தரையை அறுத்து உறுதியான மரம் வரை போய்ப் புதுப் பலகை பதிக்கிற பெரிய வேலையாகிவிடும். எத்தனையோ நல்ல வண்டிகள் இப்படித்தான் மதிப்பிழந்து விற்கப்படுகின்றன. சொட்டுச் சொட்டாக விழுகிறதுதானே என்று அடியில் துண்டைப் போட்டுவைத்து ஒரு பருவத்தை ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இங்கே பின்பக்கம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. திருப்புளி லேசாகப் பதிந்தது, உள்ளே இறங்கவில்லை. “தப்பித்தீர்கள். ஆனால் இப்போதே மூடக்கூடாது” என்றார். வினைலின் ஓரத்தைச் சற்று விலக்கி, ஒரு மின்விசிறியை நேராக அதன்மேல் ஓடவிட்டார். பாலைவனக் காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. நம் ஊர் மழைக்காலமாக இருந்தால் நாள்கணக்கில் ஆகியிருக்கும். பிற்பகல் வரை காத்திருப்பது என்று முடிவானது.

அந்த இடைவேளையில் கணவர் இன்னொரு கேள்வியை எடுத்தார்: கழிப்பறையையே மாற்றிவிட்டால் என்ன? பீங்கானில் ஒன்று வாங்கலாமே? அந்த நாட்டு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பவை தெட்ஃபோர்டு, டொமெட்டிக் என்ற இரண்டு நிறுவனங்களின் கழிப்பறைகள். இரண்டுமே பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் செய்கின்றன. பீங்கான் உறுதி, துடைக்கவும் எளிது, விலையும் எடையும் கூடுதல். அவர் மறுக்கவில்லை. ஆனால் மூன்று அளவுகளை முதலில் எடுக்கச் சொன்னார்: தரைத் துளையின் நடுவிலிருந்து பின்சுவர் வரை, இருக்கையின் உயரம், உட்கார்ந்தால் முழங்காலுக்கும் கதவுக்கும் உள்ள இடைவெளி. சில வண்டிகளில் கழிப்பறை, சக்கரத்துக்கு மேலே எழும்பியிருக்கும் மேடையில் உட்கார்ந்திருக்கும். அதற்கென்றே உயரம் குறைந்த வகை தனியாக வருகிறது. கோப்பையே விண்டிருந்தாலோ, உதிரி கிடைக்காத பழைய வகையாக இருந்தாலோ மாற்றுவதுதான் சரி. இங்கே கோப்பையும் நன்றாக இருக்கிறது, தகடும் நன்றாக மூடுகிறது. வால்வுக்காக முழுக் கழிப்பறையைத் தூக்கி எறிவது வீண் என்றார். நானும் அந்தப் பக்கம்தான்.

மரம் தட்டினால் உலர்ந்து ஒலிக்கிற அளவுக்கு வந்த பிறகு மாட்டும் வேலை விரைவாக நடந்தது. புது வால்வை இரண்டு திருகாணிகளால் பொருத்தினார். கணவர் வாங்கிவைத்த வளையத்துக்கும் வேலை வந்தது; கழிப்பறையை ஒருமுறை தூக்கிவிட்டால் நசுங்கிய பழைய வளையத்தை மறுபடி நம்பக்கூடாது. அமெரிக்க வீடுகளில் இந்த இடத்தில் மெழுகு வளையம் வைப்பார்கள். ஓடுகிற வண்டியின் அதிர்விலும் வெயிலிலும் மெழுகு உருக்குலைந்துவிடும் என்பதால் இங்கே ரப்பரோ நுரையோ. இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கழிப்பறை ஆடுவது நின்றதும் கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் முறுக்கினால் அடிப்பாகம் விண்டுவிடும். குழாய் நட்டில் உள்ளேயே ரப்பர் வாஷர் இருக்கிறது. கையால் இறுக்கி மேற்கொண்டு கால் சுற்று, அவ்வளவுதான். அடிப்பாகத்தைச் சுற்றி சிலிக்கான் பூச வேண்டாமா என்று கணவர் கேட்டார். பூசினாலும் பின்பக்கத்தை விட்டுவிட வேண்டும் என்றார். முழுக்க மூடிவிட்டால் அடுத்த கசிவு வெளியே தெரியாமல் மரத்துக்குள்ளேயே போகும்.

பம்ப் ஓடி, நின்றது. கால் மணி நேரம் யாரும் எந்தக் குழாயையும் தொடவில்லை. பம்பும் மறுபடி ஓடவில்லை. மிதியை அழுத்தி, கோப்பையை நிரப்பி, காலி செய்து, புதுக் காகிதங்களைப் பார்த்தார்கள். எல்லாம் உலர்ந்திருந்தன. பிறகு பந்தலைச் சுருட்டச் சொல்லி, வண்டியை அந்தக் கரடுமுரடான மண் பாதையில் ஒரு சுற்று ஓட்டி வரச் சொன்னார். நின்ற இடத்தில் கசியாதது குலுங்கினால் கசியலாம். திரும்பி வந்ததும் காகிதங்களை மறுபடி தொட்டுப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது கணவரிடம் மூன்று காரியங்களைச் சொன்னார். வண்டி ஓடும்போது பம்பை நிறுத்தி, மிதியை ஒருமுறை அழுத்தி அழுத்தத்தை இறக்கிவிடுங்கள். குழாய் இணைப்பு உள்ள முகாம்களில் அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கும். 50 பிஎஸ்ஐக்கு மேல் விடாத பித்தளைக் கட்டுப்படுத்தியை மாட்டாமல் குழாயைச் சொருகாதீர்கள். ஏப்ரலில் வடக்கே திரும்பும்போதும் வழியில் உறையும் இரவுகள் வரும். சமையலறைக் குழாயிலும் குளிக்கும் குழாயிலும் நீரை வடிப்பவர்கள் கழிப்பறையை மறந்துவிடுகிறார்கள், மிதியையும் அழுத்திப் பிடித்து வால்வுக்குள் இருப்பதை வெளியேற்றிவிடுங்கள். கணவர் அந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பம்பின் விசைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அடுத்த வண்டிக்குப் புறப்பட்டோம்.