கோவளத்தில் ஒரு கோடி!

முதலில் உங்களுக்கு ஒரு கேள்வி. கோவளம் எங்கே இருக்கிறது?

(அ) கேரளாவில் (ஆ) கன்னியாகுமரி பக்கத்தில் (இ) சென்னைக்குத் தெற்கே (ஈ) மூன்றும் சரி.

'ஈ' என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ். மூன்று இடத்திலும் கோவளம் உண்டு. மூன்றிலும் கடலும் உண்டு. நான் சொல்ல வந்தது மூன்றாவது கோவளத்தை. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக டூ வீலரில் ஒரு மணி நேரம். வழியில் டீ குடித்தால் ஒன்றேகால்.

2012-ம் வருட ஆரம்பம். என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, அப்போது கோடி ஜுரம். அதற்கு முந்தைய வருடம்தான் பீகாரில் சுஷீல்குமார் என்று ஒருவர், மாசம் ஆறாயிரம் ரூபாய் சம்பளத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவர், அமிதாப் பச்சன் நிகழ்ச்சியில் 5 கோடி ஜெயித்திருந்தார். மச்சானும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சம்பளம் ஒன்பதாயிரம். "அவரை விட மூவாயிரம் ஜாஸ்தி மாமா. எனக்கு ஏன் கிடைக்கக் கூடாது?" என்றான். தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை.

விஜய் டி.வி.யில் சூர்யா நடத்தப்போகும் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'க்காக எஸ்.எம்.எஸ். மேல் எஸ்.எம்.எஸ். அனுப்பினான். ஒரு நாள் போன் வந்தே விட்டது. ஆடிஷனுக்கு வரச் சொல்லி!

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பாத்ரூம் கதவில் உலக நாடுகளின் தலைநகரங்கள். ஃப்ரிட்ஜில் கரன்ஸிகள். சாப்பிட உட்கார்ந்தால், "மங்கோலியா - துக்ரிக், அங்கோலா - குவான்ஸா" என்று முணுமுணுப்பான். "ரசமா, மோரா?" என்று என் மனைவி கேட்டால், "ஆப்ஷன் சி என்னக்கா?" என்பான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் எலெக்ட்ரிக் ட்ரெயின், முன்னால் ஜி.எஸ்.டி. ரோடு, உள்ளே மெகா சீரியல். படிக்க முடியவில்லை என்று மூக்கால் அழுதான். "சரி மாப்ளே, ஞாயித்துக்கிழமை கோவளம் போயிடலாம். கடல் சத்தம் மட்டும்தான். நான் கேள்வி கேக்கறேன்" என்றேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரம் ஸ்டேஷன் தாண்டும்போதே ஆரம்பித்தேன்.

"பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுலே எலெக்ட்ரிக் ட்ரெயின் எந்த வருஷம் ஓட ஆரம்பிச்சுது?"

பத்து வருடமாக ஸீசன் டிக்கெட் வைத்திருப்பவன் திருதிருவென்று விழித்தான். விடை 1931.

வண்டலூர் வந்தது. "இந்த மிருகக் காட்சி சாலை எப்போ ஆரம்பிச்சது?"

"1985!"

"அது வண்டலூருக்குக் குடி வந்த வருஷம். மெட்ராஸ்லே ஆரம்பிச்சது 1855. இந்தியாவிலேயே பழசு."

"மாமா, ஆஸ்திரேலியாவோட தேசிய மிருகம் கேளுங்களேன்" என்று கெஞ்சினான்.

எனக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தெரியும் என்கிறீர்களா? முதல் நாள் சாயங்காலம் லைப்ரரியில் உட்கார்ந்து துண்டுச் சீட்டில் குறிப்பெடுத்திருந்தேன். குவிஸ் மாஸ்டர் என்பவர் யார்? விடையை முன்னாடியே பார்த்து வைத்தவர். அவ்வளவுதான்.

கேளம்பாக்கத்தில் டீ. அதைத் தாண்டிக் கோவளம் ரோட்டில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. இரண்டு பக்கமும் கழிமுகத் தண்ணீர், உப்பளம். வெள்ளைக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசும். முழங்கால் ஆழத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள். ஆபீஸில் ஃபைலுக்குள் முகம் புதைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் வண்டியை ஓரம் கட்டிப் பத்து நிமிடம் பார்க்க வேண்டிய இடம். நானும் நிறுத்தினேன். பின் ஸீட்டில் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, "பர்கினா ஃபாஸோ - உவாகடூகு" என்றான்.

கோவளம் சின்ன ஊர். ஆனால் சரித்திரம் பெரிசு. ஒரு பக்கம் தமீம் அன்சாரி தர்கா. இன்னொரு பக்கம் கார்மேல் மாதா கோவில். நடுவில் வலை காயும் மீனவர் தெரு. கடலோரத்தில் தாஜ் ஹோட்டல். அந்த ஹோட்டல் இருக்கிற இடத்தில்தான் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன் எல்லோரும் நமக்குத் தெரியும். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் என்ற ஊரின் பெயரில் ஒரு கம்பெனி கோவளத்தில் கடை போட்டது தெரியுமா? 1722-ல் வியன்னா சக்கரவர்த்தியிடம் சாசனம் வாங்கிய கம்பெனி. ஐந்தே வருடத்தில் அந்தச் சாசனத்தை நிறுத்தி வைத்தார்கள்.

மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். "மாப்ளே, கோவளத்துலே நடந்த முதல் ஆடிஷன் எந்த வருஷம்னு தெரியுமா?" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

1750. கோட்டை அப்போது ஆற்காட்டு நவாபின் ஆட்கள் கையில். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நின்று ஆபத்து என்று சைகை காட்டியது. "ஸ்கர்வி நோய் வந்து பாதிப் பேர் செத்துட்டாங்க. மிச்சம் இருக்கறவங்களையாவது கரையிலே இறக்க விடுங்க" என்று கெஞ்சினார்கள். நவாபின் ஆட்கள் இரக்கப்பட்டார்கள். ஒட்டிய கன்னமும் குழி விழுந்த கண்ணுமாக முப்பது பேர் தள்ளாடித் தள்ளாடிக் கோட்டைக்குள் வந்து படுத்தார்கள். சட்டைக்குள் ஆயுதம்! ராத்திரி எழுந்தார்கள். விடியும்போது கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் வசம்.

"பொது அறிவுக் கேள்வி ஒண்ணு கூடக் கேக்காம முப்பது பேரும் செலக்டட்!" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாக மச்சான் சிரித்தான்.

அடுத்த கதை 1752. கோட்டையைப் பிடிக்க வந்தவர் ராபர்ட் கிளைவ். வயது 26. சென்னைக்குக் கப்பலில் வந்தபோது அவரும் நம்மை மாதிரி குமாஸ்தாதான். கம்பெனி கொடுத்த படையோ, லண்டனிலிருந்து புதுசாக இறங்கிய 200 பேர், புதுசாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். கோட்டையிலிருந்து ஒரே ஒரு குண்டு வந்து ஒருவன் விழுந்ததும், மற்ற அத்தனை பேரும் திரும்பி ஓட்டம்! அதே படையெடுப்பில் பீரங்கிச் சத்தம் கேட்டுக் காணாமல் போன ஒரு காவல்காரனை, சில மணி நேரம் கழித்துக் கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்களாம். மெக்காலே எழுதி வைத்திருக்கிறார். கிளைவ் திட்டவில்லை. குண்டு வருகிற இடத்தில் தானே போய்ப் போய் நின்று காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கு ரோஷம் வந்தது. கோவளமும் விழுந்தது. பின்னாலேயே செங்கல்பட்டும் விழுந்தது.

"ஆடிஷன்லே லைட்டைப் பார்த்ததும் நீ கிணத்துக்குள்ளே குதிச்சுடாதே. அதுக்குத்தான் சொல்றேன்."

மீன் வறுத்துக் கொண்டிருந்த அம்மா ஒருவர் இதையெல்லாம் கேட்டுக் கொண்டே இருந்தார். "தம்பி பரீட்சைக்குப் போவுதா?" என்றார்.

"ஆமாம்மா. டி.வி.யிலே கேள்வி கேப்பாங்க. ஜெயிச்சா கோடி ரூபா."

"அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். இப்ப அடிக்குதே, இது என்ன காத்து?"

மச்சான் தொண்டையைச் செருமிக் கொண்டு, "வடகிழக்குப் பருவக்காற்று. லாக் பண்ணிடலாம்" என்றான்.

"அவ்ளோ நீளமாவா? வாடைன்னு சொன்னா முடிஞ்சுது" என்று ஒரு சங்கராவைத் திருப்பிப் போட்டார். அரை மார்க் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். மீனுக்கு முழு ரேட் வாங்கிக் கொண்டார்.

சாப்பிட்டதும் ஒத்திகை. நான்தான் காமிரா. ஒரு கிளிஞ்சல் மைக். பெயர், ஊர், வேலை எல்லாம் ஒழுங்காகச் சொன்னான். கடைசியாக, எல்லா ஆடிஷனிலும் கேட்கிற அந்தக் கேள்வியைப் போட்டேன்.

"ஒரு கோடி கிடைச்சா என்ன பண்ணுவீங்க?"

பதில் வரவில்லை. கடலைப் பார்த்துக் கொண்டிருந்தான். "கோடியெல்லாம் வேணாம் மாமா. பத்தாவது கேள்வி வரைக்கும் போனாப் போதும். மூணு லட்சத்து இருபதாயிரம்."

அதென்ன கணக்கு? 2000-ல் அமிதாப் முதன் முதலாக இந்தியில் நடத்திய போதே பத்தாவது கேள்விக்கு 3,20,000 ரூபாய். அந்தக் கணக்கு மச்சானுக்கு மனப்பாடம். ஆனால் அது மட்டும் ஏன்?

"ஒரு கடன் இருக்கு மாமா. ரெண்டு லட்சம், ரெண்டு வட்டி. அம்மா நகை அடகுலே இருக்கு, அது தனி. மாசம் நாலாயிரம் வட்டியே போயிடுது. அசல் அப்படியே நிக்குது."

"எப்போ வாங்கினே?"

"2008."

"எதுக்கு?"

அதற்கும் பதில் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. 2008-ல் அவர்கள் வீட்டில் ஒரே ஒரு செலவுதான் நடந்தது. என் கல்யாணம்.

மூன்று வேளை விருந்து, நாதஸ்வரம், எனக்கு ஒரு மோதிரம், ஒரு பைக். அன்றைக்குக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஏறி வந்தோமே, அதே பைக். நாங்கள் எதுவும் கேட்கவில்லை, அவர்களாகத்தான் செய்தார்கள் என்று நாலு வருடமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன். எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்த வருடம் வரைக்கும் தேடிக் கண்டுபிடித்தவன், 'இதுக்கெல்லாம் பணம் எங்கேர்ந்து வந்தது?' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பரிசுப் பணத்துலே முப்பது சதவீதத்துக்கு மேலே வரி பிடிப்பாங்கடா" என்றேன். குமாஸ்தா புத்தி!

மச்சான் ஒரு நிமிடம் மனசுக்குள் கணக்குப் போட்டான். "அப்ப பதினோராவது கேள்வி வரைக்கும் போயிடறேன் மாமா" என்றான்.

திரும்பி வரும்போது உப்பளம், பறவை எதுவும் என் கண்ணில் படவில்லை. வண்டி மட்டும் ரொம்ப கனத்தது.

ஆடிஷனுக்கு நானும் கூடப் போனேன். பொது அறிவுப் பரீட்சையில் தேறிவிட்டான். துக்ரிக்கும் வரவில்லை, குவான்ஸாவும் வரவில்லை. அடுத்தது காமிரா முன்னால் பேச வேண்டும். ஊரைப் பற்றிக் கேட்டபோது கோவளம் கதையை எடுத்து விட்டானாம். முப்பது 'நோயாளிகள்' கதைக்கு எல்லோரும் சிரித்தார்களாம். அப்புறம் அந்தக் கேள்வி. ஒரு கோடி கிடைத்தால்?

"புது பைக் வாங்குவேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

"ஏண்டா, கடனைப் பத்திச் சொல்லியிருந்தா இரக்கப்பட்டாவது கூப்பிட்டிருப்பாங்களே?" என்றேன்.

"அக்கா டி.வி. பார்ப்பா மாமா."

அடுத்த அழைப்பு வரவில்லை. பாத்ரூம் கதவிலிருந்து தலைநகரங்கள் இறங்கின. அந்த மாசமே ஆபீஸில் ஒரு சீட்டில் சேர்ந்தேன். முதலில் அவன் ஒப்புக் கொள்ளவில்லை. "பாதி உன் கடன், பாதி என் கடன். லாக் பண்ணிடு" என்றேன். 2015-ல் அசல் அடைந்தது. நகையும் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குத்தான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைக் கட்டிக் கொண்டு அழுதாள். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "இத்தனை வருஷத்துலே ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே உங்களுக்கு" என்றாள். அந்தக் கேள்விக்கு ஆப்ஷனே கிடையாது.

2020 ஜனவரியில் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில், மதுரை கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி ஜெயித்ததை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். காது கேட்காது, வாய் பேச முடியாது. பதினைந்து கேள்வியும் முடித்து நின்றார். எங்கள் வீட்டில் மச்சான்தான் முதலில் எழுந்து கை தட்டினான்.

போன மாசம் மறுபடி கோவளம் போனோம். இந்தத் தடவை மச்சானின் பெண்ணும் கூட. ஆறாம் கிளாஸ். பள்ளிக்கூடத்தில் குவிஸ் போட்டியாம். அப்பனுக்குத் தப்பாத பெண்! கடற்கரை அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது. 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்த கடற்கரை இது. மணல் பளிச்சென்று இருக்கிறது. மீனவர் மூர்த்தி மேகவன் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக் கொடுத்துப் பேர் வாங்கியிருக்கிறார். பலகையோடு நாலு தடவை விழுந்து ஐந்தாவது தடவை நிற்கிற பையன்களைப் பார்த்துக் கொண்டே இருக்கலாம்.

"பாப்பா, கோவளம் எந்த மாவட்டம்?" என்றேன்.

"செங்கல்பட்டு!"

"காஞ்சிபுரம்" என்றான் மச்சான், 2012 ஞாபகத்தில்.

"அது பழைய விடைப்பா. 2019-லேயே பிரிச்சாச்சு" என்று அப்பனைத் திருத்தினாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இப்ப நான் கேக்கறேன் மாமா. நீங்களும் அப்பாவும் ஏன் எப்பப் பார்த்தாலும் கோவளத்துக்கே வர்றீங்க?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் கடலைப் பார்த்தான்.

"மீன் நல்லா இருக்கும் பாப்பா" என்றேன்.